ஸ்கேனர் வாங்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிரிண்டரும் வந்துவிட்டது. அடுத்து என்ன என்று யோசிக்கும்போது பலருக்கும் தோன்றுவது ஸ்கேனர். கடைக்குப் போனால் அட்டைப் பெட்டியின் மேல் 2400 டி.பி.ஐ., 4800 டி.பி.ஐ., 48 பிட் கலர் என்று பெரிய பெரிய எண்கள். எண் பெரிதாக இருந்தால் ஸ்கேனரும் நன்றாக இருக்கும் என்று எண்ணி வாங்கி வந்துவிடுகிறோம். மெகா பிக்ஸலை மட்டும் பார்த்து கேமரா வாங்குவது போன்றதுதான் இதுவும். ஸ்கேனரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கடையில் உள்ள பெட்டியை அல்ல. உங்கள் வீட்டு பீரோவை. எந்தத் தாளை, எந்தப் படத்தை அந்தக் கண்ணாடியின் மேல் வைக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்துவிட்டால் எந்த ஸ்கேனர் என்ற கேள்வி பாதி முடிந்துவிடும்.

காரைக்காலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ல் நடந்தது. அன்றிலிருந்து 6 மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வழி இருந்தது. எனவே இந்த ஊரில் பல வீடுகளின் பீரோக்களில் மற்ற ஊர்களில் காண முடியாத தாள்கள் உண்டு. பிரெஞ்சில் எழுதிய "எத்தா சிவில்" பதிவு நகல், அதாவது பிறப்பு, திருமணம், இறப்புச் சான்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய "சொல்தா" தாத்தாவின் சர்வீஸ் புத்தகம். குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததற்கான தாள். இவற்றோடு எல்லா வீடுகளிலும் இருப்பது போல் நிலப் பத்திரம், மார்க் ஷீட், ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பம், சுவரில் மாட்டிய படங்கள்.

பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல் கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம், பழைய பிரெஞ்சு இந்தியப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்துள்ளது. நாந்த் நகரில் 1965ல் தொடங்கிய அலுவலகம் வெளிநாடுகளில் பிறந்து, மணந்து, இறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளைப் பராமரிக்கிறது. ஆக, பதிவேட்டில் ஏறியவற்றைத் தேடிப் பிடிக்க ஓரளவு வழி இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் தாத்தா கைப்பட எழுதி வைத்த குறிப்பையும், பாட்டியின் ஒரே போட்டோவையும் எந்தக் காப்பகத்திலும் தேட முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமி காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் வீடுகளோடு வீட்டிலிருந்த தாள்களையும் கொண்டு போனது. ரேஷன் கார்டு போனால் இன்னொன்று கேட்டு விண்ணப்பிக்கலாம். போட்டோவுக்கு விண்ணப்பம் போட அலுவலகம் கிடையாது.

சரி, இந்த பீரோவில் உள்ளவற்றை ஸ்கேன் செய்ய எந்தக் கருவி பொருந்தும்?

இரண்டு வகைக் கண்கள்

வீட்டு உபயோகத்திற்கான தட்டை வகை ஸ்கேனர்களில் இரண்டு தொழில்நுட்பங்கள் உள்ளன. ஒன்று சி.ஐ.எஸ்.; மற்றது சி.சி.டி. கடைக்காரர் இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சி.ஐ.எஸ். ஸ்கேனரில், கண்ணாடிக்கு அடியில் தாளின் அகலத்திற்கு ஒரு சென்சார் பட்டை நகர்ந்து செல்கிறது. சிறிய எல்.இ.டி. விளக்குகள் ஒளி தருகின்றன. ஏறத்தாழ தாளை உரசுவது போன்ற நெருக்கத்தில் சென்சார் படிக்கிறது. எனவே கருவி மெலிதாக, எடை குறைவாக இருக்கும். தனி மின் இணைப்பு தேவையில்லை, யு.எஸ்.பி. கேபிள் வழியே கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஸ்கேன் செய்யலாம். 2018ல் கேனன் வெளியிட்ட லைடு 300, லைடு 400 இந்த வகை. முதலாவது 2400 டி.பி.ஐ.; இரண்டாவது 4800 டி.பி.ஐ. எப்சன் வி39ம் இதே வகைதான். பிரிண்டருடன் சேர்ந்து வரும் ஆல் இன் ஒன் கருவிகளில் இருப்பதும் பெரும்பாலும் இந்த சி.ஐ.எஸ். தான்.

சி.சி.டி. ஸ்கேனர் உயரமாக, கனமாக இருக்கும். விளக்கு வெளிச்சம் தாளில் பட்டு, கண்ணாடிகளில் எதிரொளித்து, லென்ஸ் வழியே சிறிய சென்சாரில் விழுகிறது. உள்ளே ஒரு கேமரா இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தனி அடாப்டர் வேண்டும். விலையும் பல மடங்கு. 2009ல் எப்சன் வெளியிட்ட வி600 இந்த வகையில் பலருக்கும் அறிமுகமான மாடல்.

விலை குறைவு, மெலிது, தனி மின்சாரம் வேண்டாம் என்றால் எல்லாரும் சி.ஐ.எஸ். வாங்கிவிடலாமே? இங்கேதான் பீரோவின் கதை வருகிறது. சி.ஐ.எஸ். சென்சாருக்குப் பார்வை ஆழம் மிகக் குறைவு. தாள் கண்ணாடியில் முழுவதும் படிந்திருந்தால் அருமையாகப் படிக்கும். சற்றே மேலே தூக்கினால், அது 1 மி.மீ. ஆக இருந்தாலும், அந்த இடம் மங்கிவிடும். சி.சி.டி. ஸ்கேனரோ சில மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதையும் தெளிவாகவே பார்க்கும்.

எதெல்லாம் கண்ணாடியில் படியாது? நெளிந்து போன லேமினேஷன் கார்டு. தைத்துக் கட்டிய சர்வீஸ் புத்தகத்தின் நடு மடிப்பு. போட்டோக்களை மூலையில் செருகி வைத்த பழைய ஆல்பத்தின் கனத்த பக்கம். இன்னொன்று கடலோர வீடுகளில் அதிகம் காண்பது: பிரேம் போட்ட படம் ஈரக்காற்றில் முன்பக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பிரித்தெடுக்க முயன்றால் படத்தின் மேல் பூச்சு கண்ணாடியோடு போய்விடும். முகமே உரிந்து வந்துவிடும். பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் வைக்க வேண்டும். அந்தக் கண்ணாடி 2 மி.மீ. கனம் இருந்தால் சி.ஐ.எஸ். ஸ்கேனரில் மங்கலான நிழல்தான் கிடைக்கும். சி.சி.டி.யில் முகம் தெரியும்.

கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொண்டு போங்கள். அதன் ஒரு முனையை ஸ்கேனர் கண்ணாடியில் படிய வைத்து, மறு முனைக்கு அடியில் ஒரு 5 ரூபாய் நாணயத்தைக் கொடுத்துச் சாய்வாக வைத்து ஸ்கேன் செய்திடவும். எந்த சென்டிமீட்டர் கோட்டிலிருந்து எண்கள் மங்கத் தொடங்குகின்றன என்று பார்த்தால் அந்தக் கருவியின் பார்வை ஆழம் தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை.

என் கருத்து இதுதான். உங்கள் வேலை சான்றிதழ், மார்க் ஷீட், பில், தனித்தனி போட்டோக்கள் என்றால் சி.ஐ.எஸ். ஸ்கேனரே போதும். சி.சி.டி.க்குக் காசு கொட்ட வேண்டாம். ஆல்பமும் பிரேம் படமும் அதிகம் என்றாலும், ஒரே ஒரு முறைதான் அவற்றை ஸ்கேன் செய்யப் போகிறீர்கள் என்றால், சி.சி.டி. ஸ்கேனர் உள்ள ஸ்டுடியோவிடமோ நண்பரிடமோ அந்த வேலையை மட்டும் முடித்துக்கொள்ளலாம். படங்களைக் கையோடு கொண்டு போய், பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்து, கையோடு கொண்டு வந்துவிடுங்கள். விட்டுவிட்டு வர வேண்டாம்.

இந்த டி.பி.ஐ. எவ்வளவு வேண்டும்?

ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கிறது என்பதே டி.பி.ஐ. 300 டி.பி.ஐ. என்றால் அங்குலத்திற்கு 300 புள்ளி. ஒரு ஏ4 தாளை 300ல் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளிகள், அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். கலரில் ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம் சுருக்காத நிலையில் 26 மெகா பைட். 600 என்று மாற்றினால் இரு பக்கமும் இரண்டு மடங்காவதால் பைல் நான்கு மடங்காகி 104 மெகா பைட். 1200 என்றால் 418 மெகா பைட். பெட்டியில் போட்ட 4800ஐ நம்பி அதே தாளை ஸ்கேன் செய்யத் துணிந்தால் ஒரே தாளுக்கு 6.6 ஜிகா பைட்டுக்கு மேல் போகும். உங்கள் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும்.

பெட்டியில் 19200 என்றெல்லாம் போட்டிருந்தால் அது இன்டர்போலேஷன். அதாவது இல்லாத புள்ளிகளை சாஃப்ட்வேர் ஊகித்து நிரப்புவது. அதைப் பார்க்கவே வேண்டாம். ஆப்டிகல் என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் பாருங்கள். 2400க்கு 4800 என்று இரு எண்கள் இருந்தால் சிறிய எண்ணே கணக்கு.

எழுத்துத் தாள்களுக்கு 300 போதும். பொடி எழுத்து, மங்கிய டைப் என்றால் 400. போஸ்ட் கார்டு அளவு போட்டோவுக்கு 600. அப்படியானால் 1200ம் 2400ம் யாருக்கு? சின்னப் படங்களுக்கு. பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ என்று வைத்துக்கொள்வோம். அகலம் 3.5 சென்டிமீட்டர். இதை 300ல் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 413 புள்ளிகள்தான். அதை 10 அங்குல அகலத்திற்கு பெரிதாக்கி மாலை போட மாட்டினால் அங்குலத்திற்கு 41 புள்ளிதான் வரும். முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதே படத்தை 1200ல் எடுத்தால் 1654 புள்ளிகள். பெரிதாக்கினால் அங்குலத்திற்கு 165. சுவரில் மாட்டி நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்க இது போதும். அதற்கு மேல் போனால் பாட்டியின் முகத்துக்குப் பதில் போட்டோ காகிதத்தின் சொரசொரப்பையே ஸ்கேன் செய்வீர்கள்.

பிலிம் நெகட்டிவ் வேறு விஷயம். அதற்கு மேலிருந்து ஒளி ஊடுருவ வேண்டும். மூடியில் விளக்கு உள்ள வி600 போன்ற மாடல்களில்தான் முடியும். மெலிதான சி.ஐ.எஸ். ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்புப் பட்டைதான் தெரியும்.

இன்னொரு அளவுப் பிரச்சினை பலருக்கும் வீட்டுக்கு வந்த பிறகே தெரிகிறது. வீட்டு ஸ்கேனர்களின் கண்ணாடி ஏ4 அளவை ஒட்டியே இருக்கும். நம் பத்திரங்களின் முத்திரைத்தாள் அதைவிட நீளம். கீழே உள்ள கையெழுத்தும் சீலும் கண்ணாடிக்கு வெளியே நிற்கும். தாளை மடித்து வைக்காதீர்கள். பழைய தாள் மடிப்பில் கிழியும். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு முறை ஸ்கேன் செய்திடவும். நடுவில் இரண்டு அங்குலமாவது இரு படங்களிலும் வர வேண்டும். கேனனுடன் வரும் ஐ.ஜே. ஸ்கேன் யுடிலிட்டியில் இந்த இரண்டு பாதிகளையும் ஒட்டித் தரும் ஸ்டிச் என்ற வசதி உள்ளது.

ஆல் இன் ஒன்னும் செல்போனும்

பிரிண்டர், ஸ்கேனர், காப்பியர் மூன்றும் ஒன்றில் வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். சான்றிதழ்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இங்க் தீர்ந்துவிட்டால் ஸ்கேன் செய்யவும் மறுப்பதாகக் குற்றம் சாட்டி, 2021ல் அமெரிக்காவில் கேனன் நிறுவனத்தின் மீது வழக்கே தொடரப்பட்டது. எனவே வாங்கும் முன், இங்க் இல்லாமல் ஸ்கேன் ஆகுமா என்று கேட்டுவிடுங்கள். மேலே தாளைச் செருகினால் தானாக இழுத்துக்கொள்ளும் பீடர் உள்ள மாடல்களில், பழைய தாள்களை அந்த வழியே விடவே கூடாது. ரோலரில் சிக்கினால் 70 வருடத் தாள் சுருண்டு வெளியே வரும்.

செல்போனில் ஸ்கேன் செய்யும் அப்ளிகேஷன்கள் பல உள்ளன. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலேயே இந்த வசதி உண்டு. ஐபோனில் 2017லிருந்து நோட்ஸ் அப்ளிகேஷனில் உள்ளது. இந்தியாவில் மிகவும் பரவலாக இருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூன் மாதம் அரசு தடை செய்த 59 அப்ளிகேஷன்களில் ஒன்று. அவசரத்துக்கு ஒரு பில்லை அனுப்ப போன் போதும். போட்டோவுக்குப் போதாது, பளபளப்பில் ட்யூப் லைட் தெரியும், ஓரம் சாயும். தொட்டாலே உதிரும் நிலையில் உள்ள தாளுக்கும், தையல் இறுகிய புத்தகத்துக்கும் மட்டும் போனே மேல். ஏனென்றால் அவற்றைக் குப்புற வைத்து அழுத்த வேண்டியதில்லை.

சாஃப்ட்வேர்: முதலில் டிரைவர்

ஸ்கேனர் எவ்வளவு நல்லதானாலும் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ற டிரைவர் இல்லை என்றால் அது வெறும் கண்ணாடிப் பெட்டி. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஸ்கேனர்கள் பலவற்றுக்கு 32 பிட் விண்டோஸுக்கான டிரைவரோடு நிறுவனங்கள் நிறுத்திக்கொண்டன. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. எனவே காசு கொடுக்கும் முன் நிறுவனத்தின் தளத்திற்குச் சென்று, அந்த மாடல் எண்ணைக் கொடுத்து, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்திடவும்.

ஏற்கனவே அப்படி ஒரு ஸ்கேனர் பரணில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஹாம்ரிக் நிறுவனத்தின் வியூஸ்கேன் என்ற சாஃப்ட்வேர் 1998லிருந்து வருகிறது. நிறுவனங்கள் கைவிட்ட ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு இது தானே டிரைவர் வைத்திருக்கிறது. கட்டணம் உண்டு. இலவசச் சோதனைப் பதிப்பில் படத்தின் மேல் குறி விழும். ஆனால் உங்கள் ஸ்கேனர் அதில் இயங்குகிறதா என்று பார்க்க அதுவே போதும். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் இன்னொரு வழி. லினக்ஸில் உள்ள சேன் என்ற டிரைவர் தொகுப்பு பழைய ஸ்கேனர்கள் பலவற்றை இன்றும் இயக்குகிறது.

டிரைவர் அமைப்பில் ட்வைன், டபிள்யூ.ஐ.ஏ. என்று இரண்டு பெயர்களைக் காண்பீர்கள். ட்வைன் 1992ல் வந்தது. டபிள்யூ.ஐ.ஏ. மைக்ரோசாப்ட் 2000ல் விண்டோஸுடன் கொடுத்தது. சாஃப்ட்வேர் இரண்டையும் காட்டினால் முதலில் ட்வைனைத் தேர்ந்தெடுக்கவும். பொதுவாக ஸ்கேனரின் எல்லா செட்டிங்குகளும் இதில் கிடைக்கும். தகராறு செய்தால் மற்றதற்கு மாறிக்கொள்ளலாம்.

ஸ்கேன் செய்யும் புரோகிராமாக, நான் புதியவர்களுக்குச் சொல்வது நாப்ஸ்2. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். விண்டோஸோடு வரும் பேக்ஸ் அண்ட் ஸ்கேன் ஒரு தாளை ஒரு படமாக எடுக்கச் சரி. பத்துப் பக்கப் பத்திரத்தை ஒரே பி.டி.எப். பைலாக்க அது உதவாது. நாப்ஸ்2ல் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, வரிசையை மாற்றி, சாய்ந்ததை நிமிர்த்தி, கடைசியில் ஒரே பைலாக சேவ் செய்யலாம். புரொபைல் என்ற இடத்தில் "பத்திரம், 300, கலர்" என்றும் "சின்னப் போட்டோ, 1200, கலர்" என்றும் இரண்டு அமைப்புகளைப் போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் செட்டிங்கைத் தேட வேண்டியதில்லை.

இதில் ஓ.சி.ஆர். வசதியும் உண்டு. படமாக உள்ள எழுத்துக்களைத் தேடக்கூடிய எழுத்துக்களாக மாற்றுவதே ஓ.சி.ஆர். பின்னணியில் வேலை செய்வது டெசராக்ட், 1985ல் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி, 2005ல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழ், பிரெஞ்சு இரண்டுமே அதில் உள்ளன. ஓ.சி.ஆர். அமைப்பில் இரண்டு மொழிகளையும் டிக் செய்து தரவிறக்கிக்கொள்ளவும். அச்சடித்த, டைப் செய்த தாள்களை நன்றாகப் படிக்கும். கையெழுத்தைப் படிக்காது. எத்தா சிவில் பதிவுகளில் பெரும்பகுதி சாய்வெழுத்தில் கைப்பட எழுதியவை என்பதால் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இணையத்தில் இலவச ஓ.சி.ஆர். தளங்கள் நிறைய உள்ளன. ஆதார், பத்திரம் போன்றவற்றை அங்கே ஏற்றாதீர்கள்.

மாற்ற வேண்டிய சில செட்டிங்குகள்

பழைய தாள்களை எந்தக் காரணம் கொண்டும் "பிளாக் அண்ட் ஒயிட்" என்ற அமைப்பில் ஸ்கேன் செய்யாதீர்கள். இந்த அமைப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று முழுக் கறுப்பு, இல்லையேல் முழு வெள்ளை. பைல் சிறிதாகும் என்பது உண்மை. ஆனால் வெளிறிய ஊதா ரப்பர் ஸ்டாம்பும், பென்சில் குறிப்பும், மேலே ஒட்டிய தலையின் நிறமும் வெள்ளை என்று முடிவு செய்யப்பட்டு மறைந்துவிடும். பிரான்சில் உள்ள பேரனுக்கு அனுப்பிய நகலில் சீலே இல்லை என்றால் அதை வைத்து அவர் என்ன செய்வார்? தாள் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் கலரிலேயே எடுத்திடவும்.

மெல்லிய தாள்களில் பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிந்து குழப்பும். இதற்குக் காரணம் ஸ்கேனர் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக இருப்பதுதான். விளக்கொளி தாளைத் தாண்டிப் போய் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும்போது பின்பக்க எழுத்தையும் கொண்டு வருகிறது. தாளின் முதுகில் ஒரு கறுப்பு சார்ட் பேப்பரை வைத்து மூடினால் போதும். தாள் சற்றுக் கருமையாகத் தெரியும். பின்பக்க எழுத்து அடங்கிவிடும். ஐந்து ரூபாய் சார்ட் செய்யும் இந்த வேலையை எந்தச் சாஃப்ட்வேராலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது.

ஆட்டோ கலர், ஷார்ப்பன் போன்றவை தானாகவே ஆன் ஆகியிருக்கும். போட்டோவை ஸ்கேன் செய்யும்போது இவற்றை ஆப் செய்திடவும்; வேண்டுமானால் பிறகு நகலில் செய்துகொள்ளலாம். டிஸ்கிரீன் என்று ஒன்று இருக்கும். நாளிதழ், கல்யாணப் பத்திரிகை போன்ற அச்சுப் படங்களில் தெரியும் அலை அலையான கோடுகளை அது நீக்கும். உண்மையான போட்டோவில் அது முகத்தை மழுங்கடித்துவிடும்.

போட்டோக்களை டிஃப் பார்மட்டில் ஒரு மூலப் பிரதியாகச் சேவ் செய்து, அதைத் தொடாமல் வைத்திடவும். ஜேபெக் பார்மட்டில் ஒவ்வொரு முறை திருத்திச் சேவ் செய்யும்போதும் கொஞ்சம் தரம் குறையும். அனுப்புவதற்கும் ஒட்டு வேலைக்கும் ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டுடியோவின் முத்திரை, தேதி, "அண்ணனுக்கு அன்புடன்" என்று யாரோ எழுதியது எல்லாம் அங்கேதான் இருக்கும். புதுச்சேரியில் 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோ போட்டோக்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியது. ஆய்வாளர்கள் ஊர் ஊராகத் தேடும் அந்தத் தகவல் உங்கள் ஆல்பத்தின் முதுகில் சும்மா கிடக்கலாம்.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது ஸ்கேன்001, ஸ்கேன்002 என்று விட்டுவிடாமல், 1958_திருமணச்சான்று_தாத்தா_பக்கம்1 என்பது போல் ஆண்டை முதலில் போடுங்கள். போல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும். இணைய விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டிய பைலுக்கு மட்டும் ஆங்கில எழுத்துக்களில் பெயர் கொடுத்திடவும். சில தளங்கள் தமிழ்ப் பெயரை ஏற்பதில்லை.

விண்ணப்பம் என்றதும் நினைவுக்கு வருவது அந்தக் கிலோ பைட் தொல்லை. வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். போட்டோவை 200க்கு 230 புள்ளிகள், 20 முதல் 50 கே.பி. என்றும், கையெழுத்தை 140க்கு 60 புள்ளிகள், 10 முதல் 20 கே.பி. என்றும் கேட்கிறது. இதற்காக 75 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யாதீர்கள். 300ல் ஸ்கேன் செய்து, விண்டோஸில் உள்ள பெயின்ட் புரோகிராமில் திறந்து, வேண்டிய பகுதியை மட்டும் கிராப் செய்து, ரீசைஸ் கிளிக் செய்து, பிக்ஸல் என்பதைத் தேர்ந்தெடுத்து அளவைக் கொடுத்து, வேறு பெயரில் ஜேபெக்காகச் சேவ் செய்திடவும். மூலப் பிரதி அப்படியே இருக்கும். அடுத்த தேர்வுக்கும் உதவும்.

மழைக்காலமும் ஸ்கேனரும்

ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் ஸ்கேனரை மூடி வைத்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். சி.சி.டி. ஸ்கேனரில் உள்ளே எதிரொளிக்கும் கண்ணாடிகளும் லென்ஸும் இருப்பதால் பூஞ்சை பிடித்தால் எல்லாப் படங்களும் பால் போல் வெளுத்து வரும். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மூடிக்குள் வைத்திடவும்; மாதம் ஒரு முறை மாற்றவும். கண்ணாடியைத் துடைக்க கிளீனரை நேராக அடிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்கவும். ஓரத்தில் வழிந்தால் உள்ளே இறங்கிவிடும், பிறகு சர்வீஸ்தான்.

ஸ்கேன் செய்த பைல்களை ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தால் பீரோவில் வைத்திருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல், காரைக்காலுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். பாரிசிலோ சென்னையிலோ உள்ள உறவினரிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்பினாலும் சரி, கூகுள் டிரைவில் ஏற்றினாலும் சரி. அரசின் டிஜிலாக்கர் 2015ல் வந்தது. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அரசுத் துறைகள் நேரடியாக அதில் வழங்கும் சான்றிதழ்களுக்கு 2016 விதிகளின்படி மூலச் சான்றிதழுக்கு இணையான மதிப்பு உண்டு. நீங்களாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. அது வெறும் நகல்தான்.

எனவே ஸ்கேன் முடிந்தது என்று மூலத் தாளை அலட்சியமாகப் போட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்யவும் கூடாது. சூட்டில் பழைய மை கலங்கும். பின்பக்கத்தில் புதிதாக ஒரு சீல் வைக்க வேண்டி வந்தால் பிளாஸ்டிக் மேல் வைக்க முடியாது. ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. மடிக்காமல் ஒரு கெட்டி அட்டைக்குள், தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் கொடுத்து, சுவரை ஒட்டாத தட்டில், தரையிலிருந்து உயரத்தில் வைத்திடவும்.